அம்மா ஏறிப்போன மேடு

என் உசிரான அண்ணே,

நம்ம மேட்டுக்குப் பெயர்ப்பலகை வைத்துவிட்டார்கள். நீ போன பிறகு நடந்தது இது. பெரிய பச்சைப் பலகை, ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. கோட்டில் வண்டியை நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலைத் தூக்கினால் வண்டி தானாக மேட்டில் ஏறும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. பினாங்கிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வருகிறார்கள். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள், சிரிக்கிறார்கள்.

அதில் முதலில் ஏறியது உன் வேன் என்று எங்கும் எழுதவில்லை. உள்ளே நம்ம அம்மா கிடந்தார்கள் என்றும் எழுதவில்லை. எழுதினால் யார் சிரிப்பார்கள்?

உனக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கிறவர்களுக்காக இன்னொரு தரம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ரப்பர் தோட்டத்தை விற்று, நாம் குடியிருந்த லயங்களை இடித்தபோது நீதான் எங்களை ஈப்போவுக்குக் கூட்டிவந்தாய். பெக்டரிக்கு ஆள் ஏற்றும் உன் வேன் ஓட்டத்தில்தான் வீடு நடந்தது. அந்த நாலாவது மாடி பிளாட்டில் அம்மாவுக்கு ஒட்டவே இல்லை. பால்மரத்துக்கு நடுவில் பிறந்து, பால் வெட்டியே கிழவியானவர்கள். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்து வரும் உன்னிடம் தினமும் ஒன்றைத்தான் கேட்பார்கள். "எப்படா வீட்டுக்குப் போறோம்?"

"போலாம்மா, அடுத்த வாரம் போலாம்." வேறென்ன சொல்வாய் நீ? போவதற்கு அங்கே வீடு ஏது?

அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது நீ அழவில்லை. தோட்டத்து இடுகாட்டில், அப்பா பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாய். சவ வண்டி பிடிக்கலாம் என்றார் மாமா. "எங்கம்மா என் வண்டியத் தவிர வேற எதுல ஏறினாங்க?" என்று கேட்டு, வேனின் பின் சீட்டையெல்லாம் நீயே கழற்றினாய்.

அம்மாவைக் கொண்டுபோன அந்த ரோடு, தோட்டத்தை வாங்கினவர்கள் லாரி போகப் புதிதாகப் போட்டது. ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்று, மறுபக்கம் சரிவில் செம்பனைக் கன்றுகள். மேட்டுக்குக் கீழே வந்ததும் எஞ்சின் செத்துப்போனது. நீ கியரை எடுத்துவிட்டு, என்ன ஏது என்று பார்க்க இறங்கினாய். ஹேண்ட் பிரேக் போட மறந்துவிட்டாய். அன்றைக்கு உனக்கு எது நினைவிருந்தது?

நான் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வேன் மெல்ல நகர்ந்தது. பின்னால் உருளும் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். அது முன்னால் போனது அண்ணே. மேட்டைப் பார்த்து, யாரும் ஓட்டாமல், சத்தமே இல்லாமல் ஏறியது.

"சரசு, பிரேக்க மிதி! பிரேக்க மிதி!" என்று கத்திக்கொண்டே நீ ஓடிவந்தாய். நான் முன்சீட்டுக்குத் தாவவில்லை. அம்மாவின் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். மேட்டு உச்சியில், பழைய தோட்ட வாசலுக்கு எதிரே, புல்லில் முட்டி நின்றது வண்டி. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மாமிதான் முதலில் ஓலமிட்டார்கள். "ஐயோ அஞ்சலை! வீட்டுக்குப் போக அம்புட்டு அவசரமா உனக்கு!"

அப்போதுதான் நீ அழுதாய். ரோட்டில் உட்கார்ந்து, சட்டையை வாயில் கடித்துக்கொண்டு அழுதாய். "நான் கூட்டிப் போகலைன்னு தானாவே போறாங்க, சரசு."

அன்றைக்குப் பார்த்தவர்கள் சாப்பாட்டுக் கடையில் சொன்னார்கள். கேட்டவர்கள் வண்டியோடு வந்து பார்த்தார்கள். அவர்கள் வண்டியும் ஏறியது. வாய் மாற மாறக் கதையும் மாறியது. வெள்ளைச் சேலை கட்டின தமிழ்ப் பொம்பளை தள்ளுகிறாள் என்றார்கள். தள்ளுகிறவள் கை ரேகை விழும் என்று வண்டியின் பின்பக்கத்தில் பவுடர் தூவினார்கள். நம்ம அம்மா ஒரு நாளும் வெள்ளைச் சேலை கட்டினதில்லை. அப்பா போன பிறகும் அந்தப் பச்சைப் பூப்போட்ட கைலிதான்.

ஞாயிற்றுக்கிழமையானால் நீ அங்கே போய் நிற்க ஆரம்பித்தாய். "பேய்னு சொல்லாதீங்க தம்பி. அது எங்கம்மா," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாய். சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் உன்னையும் சேர்த்துப் படம் பிடித்துப் போட்டார்கள். "வேணாம் அண்ணே, வீட்டுல இரு லா," என்று நான் கெஞ்சினாலும் நீ கேட்கவில்லை.

என் மகள் கவிதா காம்பார் யுனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்த சமயம், கூட்டாளிகளோடு ஒரு நாள் அங்கே வந்தாள். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ரோட்டோரம் பிடித்துப் பிடித்து அளந்தார்கள். நீ தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். இதை அளக்காமல் இருந்தால்தான் என்ன?

"மாமா," என்று மெதுவாக வந்தாள். "இது மேடே இல்ல. அந்தக் குன்றும் இந்தச் சரிவும் சேர்ந்து நம்ம கண்ண ஏமாத்துது. ரோடு கீழதான் இறங்குது."

"இறங்குதா?"

"ஆமா மாமா. நல்லாவே இறங்குது."

"அப்போ எங்கம்மா தள்ளலையா?" என்று கேட்டாய். நான் உன் கையைப் பிடித்தேன். நீ அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "நல்லதும்மா. அவங்க ஏறவே இல்ல. பால் வாளியத் தூக்கிக்கிட்டு ஆயுசு முழுக்க ஏறினவங்க. கடைசியாவாச்சும் இறக்கத்துல போயிருக்காங்க."

அதன் பிறகு நீ அங்கே போகவில்லை. மனசு ஆறிவிட்டதா, இல்லை உடைந்துவிட்டதா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு சிறுநீரகம், டயாலிசிஸ், ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன உன் கை. ஒரு தடவைகூட நீ அந்த மேட்டைப் பற்றிப் பேசவில்லை.

உன்னை அம்மா பக்கத்தில் வைக்க முடியவில்லை, அண்ணே. தோட்டத்து இடுகாட்டில் இனிப் புதைக்கக் கூடாது என்று தோட்டத்தை வாங்கினவர்கள் ஏற்கனவே நிறுத்திவிட்டார்கள். ஈப்போவில் எரித்து, லுமுட் கடலில் கரைத்தோம். கவிதாதான் படகில் உன்னை மடியில் வைத்திருந்தாள்.

இன்னொரு சேதி. இடுகாட்டையும் எடுக்கிறார்கள். வரிசை வரிசையாக வீடு கட்டித் தாமான் போடப் போகிறார்களாம். சமாதிகளைக் கிளறி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போன வாரம் நானும் கவிதாவும் நின்று அப்பாவையும் அம்மாவையும் எடுத்தோம். ஆளுக்கு உள்ளங்கையளவு எலும்புதான் இருந்தது. ஐயர் மந்திரம் சொன்னார். நான் அழவில்லை. யாராவது ஒருத்தர் அழாமல் இருக்க வேண்டுமே.

திரும்பி வரும்போது அதே ரோடு. கண்ணுக்கு இறக்கம் மாதிரித்தான் தெரிந்தது, கார் முக்கி முக்கி ஏறியது. பலகைக்குக் கீழே ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "ஆன்ட்டி, நீங்களும் ஒரு தடவ செஞ்சு பாருங்க, வண்டி தானா போகும்!" என்று ஒரு பெண் கை காட்டினாள். "நீங்க பாருங்கம்மா," என்று சொன்னேன். அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

அப்பா, அம்மா இரண்டு பேர் எலும்பையும் எரித்தாகிவிட்டது. சாம்பல் ஒரே செம்பில், சாமி அறையில் இருக்கிறது. இனி எங்கே கொண்டுபோய்க் குடிவைத்தாலும் யாராவது வந்து காலி பண்ணச் சொல்வார்கள். கடலை யாரும் வாங்க மாட்டார்கள், இல்லையா அண்ணே?

இந்த ஞாயிறு விடியும் முன்னே கிளம்புகிறோம். சித்தியவானில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, நேராக லுமுட். இது நான் கொடுக்கிற வாக்கு. படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இரு. அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாரேன்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி சரசு