வாசல் சரிவு

ஜூன் 3, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. அவனியாபுரம் முழுக்கப் பொட்டுக் காற்று இல்லை. வாசலில் சக்கர நாற்காலி இறங்கச் சரிவு போட்டு முடிந்தது. சிமெண்டுக்குத் தண்ணீர் விட வேண்டும்.

பைக் விபத்தில் கால் இரண்டும் செயலற்றுப் போன பிறகு என் வீட்டுக்காரர் வாசலைத் தாண்டுவது ஆஸ்பத்திரிக்கு மட்டும். அதுவும் ஆள் வைத்துத் தூக்கி. தெருமுனை டீக்கடைக்குத் தானாகப் போய் வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வேறு எதுவும் கேட்கவில்லை மனுஷன்.

ரோடு போடப் போட உயர்கிறது என்று வீட்டை ரொம்பத் தூக்கிக் கட்டிவிட்டோம். அதனால் சரிவு செங்குத்து. சுவரோரமாக வளைத்து நீளமாகப் போடலாமே என்றேன். கொழுந்தன் குமார் விடவில்லை. "தலைவாசலுக்கு நேராத்தான் எறங்கணும் மதினி. வளைச்சா வீட்டுக்கு ஆகாது."

வாங்க வேண்டியது: எலுமிச்சம்பழம், கற்பூரம், பவுடர்.

ஜூன் 6, வெள்ளி

எழுதாமல் இருக்க முடியவில்லை.

புது சக்கர நாற்காலி வந்தது. குமார் அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை. "வண்டின்னா வண்டிதான்" என்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். அவரை உட்கார வைத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி, சரிவின் உச்சியில் நிறுத்தினான். அவர் சிரித்தார். எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

பழம் நசுங்க வேண்டும் என்று குமார் ஓங்கித் தள்ளினான். சக்கரம் பழத்தில் ஏறிக் குதித்தது. பிடி நழுவியது. நான் "ஐயோ" என்று வாயைத் திறப்பதற்குள் தெருவில் கிடந்தார். ஷேர் ஆட்டோ கிரீச்சென்று நின்றது. "என்னண்ணே, ஆள ஒக்கார வச்சு உருட்டி வெளாடுறீகளா?"

நெற்றியில் தையல். எலும்பு தப்பியது.

ஜூன் 9, திங்கள்

புழுக்கம். தோசை மாவு புளித்துவிட்டது. சாப்பிடும்போது அவர் சொன்னார், "அந்த நாற்காலிய மடக்கிப் பரண்ல போடு. உள்ளயே கெடந்துக்கிறேன்."

குமார் மேல் பற்றிக்கொண்டு வருகிறது. பாவி, அவனும் சாப்பிடாமல்தான் திரிகிறான்.

ஜூன் 11, புதன்

எவ்வளவு சாய்வு தாங்கும் என்று பார்க்க, அறையில் ஒரு பலகையின் முனையைச் செங்கல் அடுக்கி உயர்த்தினேன். பவுடர் டப்பாவை உருட்டினேன். பாய்ந்து போய் பீரோவில் மோதி, மூடி தெறித்து, அறையெல்லாம் பவுடர். செங்கல்லைக் குறைத்து மறுபடியும். இப்போது நிதானமாக வருகிறது. வழியில் விரலை வைத்தால் நிற்கிறது.

கட்டிலிலிருந்து குரல்: "இன்னொரு கல்ல எடு."

எடுத்தேன். இன்னும் மெதுவாக வந்தது.

"இம்புட்டுச் சாய்வுன்னா நானே பிடிச்சுக்குவேன்" என்றார். முகமெல்லாம் பவுடரோடு நான் அழுதேன்.

ஜூன் 13, வெள்ளி

பழையதை உடைக்க வேண்டும் என்றேன். நீளமாக, சுவரோரமாக, திருப்பத்தில் கொஞ்சம் சமதளம். குமார் மறுபடியும் அதே பாட்டு, "வளைச்சா ஆகாது மதினி."

அவர் நெற்றித் தையலைத் தொட்டுக் காட்டினார். "நேரா இருந்து எனக்கு ஆகலயேடா."

குமார் எழுந்து வெளியே போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன். கடப்பாரையோடு வந்தான்.

ஜூன் 29, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. கறி எடுக்கவில்லை, யாருக்கும் அந்த நினைப்பே இல்லை.

புதுச் சரிவில் இறங்கினார். சக்கரத்தைக் கையால் பிடித்துப் பிடித்து, திருப்பத்தில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும். குமார் நடுத்தெருவில் போலீஸ்காரன் மாதிரி கையை நீட்டி ஆட்டோக்களை நிறுத்தி வைத்திருந்தான். அவர் டீக்கடைக்குப் போனார். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே குக்கர் கத்திக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தார். பாதி ஏற்றத்தில் கை சோர்ந்து நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"தொடாத."

முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்காலி நின்றது. பிறகு ஒரு சாண் மேலே வந்தது.