கிருபாவை நிற்க வைக்க வேண்டாம்

சூலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

புவனா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அத்தையும் கிருபாவும் சுகம். ராய்ப்பூர் பக்கம் வெயில் கடுமை என்று கேள்விப்பட்டேன். போர்வெல் வண்டியில் ஏறும்போது தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். லீவு முடிந்து உங்கள் வண்டிக்குத் திரும்பும் அங்கப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு அழுகை வருகிறது. நீங்களும் உடனே, சரி சரி, வெச்சர்றேன் என்கிறீர்கள். எட்டாவது படித்தவள் எழுத்து, பொறுத்துப் படியுங்கள்.

அவிநாசிக் கல்யாணத்தில் நடந்ததாக அத்தை உங்களிடம் சொன்னது நிஜந்தான். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அத்தை கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினேன். அத்தை அவனைப் பந்தி மேசை மேல் நிறுத்தி, பாருங்க, ஏழு மாசத்துல என்ற பேரன் நிக்கறான் என்றார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அவன் குதிகால் படாமல் விரல் நுனியில் விறைத்து நின்றான். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அன்றிலிருந்து அத்தை என் கையால் சோறு வாங்குவதில்லை, தானே போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

மாமா, அது நிற்பது அல்ல. நீங்களும் வீடியோவில் பார்த்துவிட்டு வண்டியில் இருக்கிற எல்லாருக்கும் காட்டினீர்கள். குறைமாசத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பிள்ளை இத்தனை சீக்கிரம் நிற்கிறானே என்று எனக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது.

கோயமுத்தூரில் இவன் பிறந்த ஆஸ்பத்திரியில், சீக்கிரம் பிறந்த பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்ப்பதற்கென்றே செவ்வாய்க்கிழமை ஒதுக்கியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால், ஒரு டாக்டர் பார்த்து மருந்து எழுதுவார் என்று நினைத்து முதல்முறை போனேன். அங்கே பாய் விரித்து எல்லாரும் கீழே உட்கார்ந்தார்கள். குழந்தை டாக்டரம்மா, கை கால் பயிற்சி கொடுக்கும் டெய்சி மேடம், பால் புகட்டச் சொல்லித்தரும் ஒரு நர்ஸ், வீட்டு நிலவரம் கேட்கும் லாஸ்யா என்கிற பெண். அவர்கள் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் என்னைத்தான் கேட்டார்கள். ஊட்டுல நீங்க என்ன பாக்கறீங்க, சொல்லுங்க அம்மணி என்றார்கள். நிக்கறானுங்க என்றேன், பெருமையாக.

யாரும் என்னைக் குறைவாகப் பார்க்கவில்லை. டெய்சி மேடம் அவன் மூடிய கையைத் தடவி, இப்படி இறுக்கி வெச்சிருக்கீங்களே தம்பி, உள்ள கமர்கட்டு ஏதாச்சும் இருக்குதுங்களா என்று விளையாடினார். பிறகு அவன் காலை என்னையே மடக்கிப் பார்க்கச் சொன்னார். விறகுக் கட்டை மாதிரி இருந்தது மாமா. பலத்தால் நிற்கவில்லை, தளர்த்தத் தெரியாமல் விறைக்கிறான். மூளையில் ஏதோ பாதிப்பு இருக்கலாம், இப்போதே முடிவாகச் சொல்ல முடியாது, ஆனால் முடிவு தெரியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது என்றார் டாக்டரம்மா. நடந்துருவானுங்களா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. அது இப்பத் தெரியாதுங்க, ஆனா இன்னைக்கே ஆரம்பிச்சரலாம் என்றார்.

லாஸ்யா, இவங்கூடப் பொறந்த பாப்பா எப்படி இருந்தாங்க என்று கேட்டாள். நான் அழுது முடிக்கும்வரை டாக்டரம்மா கிருபாவை மடியில் வைத்திருந்தார். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லவில்லை.

தூக்கும் விதம், பால் கொடுக்கும் விதம், துணி மாற்றும் விதம் எல்லாமே பயிற்சிதானாம். அதனால் வீட்டில் தூக்குகிற எல்லாரும் ஒரே மாதிரி தூக்க வேண்டும். நான் காலை அகட்டி இடுப்பில் வைத்துத் தளர்த்திவிட்டு வந்தால், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காட்ட அத்தை நிறுத்துகிறார்கள். செய்ததெல்லாம் போகிறது. அத்தையையும் கூட்டி வரச் சொன்னார்கள். கேட்டேன். நிக்கற புள்ளைக்கு என்னத்துக்கு ஆஸ்பத்திரி, ஒண்ணை அங்க குடுத்துப்போட்டு வந்தது பத்தாதா என்றார்கள். எனக்குக் கோபம் பொங்கியது. அப்புறம் பார்த்தால் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். பாப்பா போன பிறகு அத்தை அவளைப் பற்றிப் பேசிய ஒரே பேச்சு அது. நீங்கள் அதுகூடப் பேசவில்லை. அவளை அடக்கம் செய்த வாரமே வண்டிக்குக் கிளம்பிவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு ஏறிப் போக ஒரு வண்டி இல்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்தோறும் போகிறேன். அத்தை பேசாமல் இருந்தாலும் போவேன், நீங்கள் வேண்டாம் என்றாலும் போவேன். அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. நீங்கள் ஆசையாக ஆன்லைனில் போட்டு அனுப்பிய வாக்கரைப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். அதில் விட்டால் இன்னும் விரல் நுனியில்தான் உந்துவானாம். நேற்று அவன் இடது கை தானாக விரிந்து என் தாலிக்கயிற்றைப் பிடித்தது. டெய்சி மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் போட்ட சத்தத்தில் பிள்ளை பயந்து அழுதுவிட்டான்.

அத்தைக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள். நான் சொன்னால் மருமகள் வாயாடுகிறாள் என்று போகும். ஆடிக்கு லீவு போட்டு வாருங்கள். அப்பாவையும் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நீங்கள் வந்ததும், தூக்கி நிறுத்துப்பா பாக்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். நிறுத்த வேண்டாம். அவனைப் பாயில் குப்புறப் போட்டிருப்பேன். அத்தை பார்க்கும்படி நீங்களும் அவனுக்கு எதிரே குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேராக முகம் வைத்துக் கூப்பிட்டால் தலையைத் தூக்குவான். கொஞ்ச நேரந்தான், பிறகு தலை சாய்ந்துவிடும். நீங்கள் எழுந்து போகாமல் அங்கேயே இருந்தால் மறுபடியும் தூக்குவான்.

அவிநாசியப்பர் உங்களை நல்லபடியாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் புவனா,
கிருபாவுக்கும் பாப்பாவுக்கும் அம்மா.