சாமி மேடைக்குக் கீழே வைத்த மாவு

அக்டோபர் 5, ஞாயிறு

மத்தியானத்திலிருந்து மழை. இந்தக் கிள்ளான் ஊர் ஈரத்தில் உப்பு ஜாடிகூடத் தண்ணீர் விட்டிருக்கிறது. மாவு, சோள மாவு, ஐசிங் சர்க்கரை எல்லாம் காற்றுப் புகாத டப்பாக்களுக்கு மாற்றியாயிற்று. மூடியில் பாக்கெட் பிரித்த தேதி. பாதாம் தூள் ஃப்ரீசரில். வெளியே இருந்தால் சிக்கு வாடை அடிக்கும். பேக்கிங் பவுடர் பழசு. சுடுதண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டேன். நுரைக்கவில்லை. குப்பைக்கு.

மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். "மாவுக்கெல்லாம் பர்த் சர்ட்டிபிகேட்டா? நல்லா படிச்ச போ."

படித்துவிட்டுப் பார்த்த வேலை போய் ஒரு வருஷம். பழைய ஆபீஸ் சாந்திதான் கேட்டிருக்கிறாள். முதலில் ருசி பார்க்க இரண்டு ஜாடி பட்டர் பிஸ்கட். பிடித்தால் தீபாவளிக்கு ஆபீஸ் முழுவதற்கும். என்னை வேண்டாம் என்றவர்களின் மேசையில் என் பெயர் ஒட்டிய ஜாடி. அற்ப ஆசைதான். இருக்கட்டும்.

அக். 8, புதன்

வெயில். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் ஜாடி, ரிப்பன் வாங்கித் திரும்பினால் அலமாரி காலி. என் டப்பாக்களில் நாத்தனாருக்கு முறுக்கு. அவள் இருக்கும் ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போகக் கட்டித் தயாராக. மாவு? காகிதப் பையில், சாமி மேடைக்குக் கீழே உள்ள சின்ன அலமாரியில், சூடம் பாக்கெட்டுகளோடு.

"அத்தை, மாவு பக்கத்துல இருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்துக்கும்."

"சாமிகிட்ட இருக்கிறது கெட்டுப்போகுமா? என்னா பேச்சு பேசுற!"

இவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விடு லா. மாவுதானே."

மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. மறுபடி கடைக்குப் போகச் சோம்பல். சுட்டேன். நல்ல நிறம். உடையவில்லை.

அக். 10, வெள்ளி

ரயிலில் நிற்க இடமில்லை. சாந்தியிடம் ஆபீஸ் வாசலிலேயே கொடுத்தேன். "உள்ள வாங்க கா" என்றாள். போகவில்லை. முழங்கால் வலி.

அக். 13, திங்கள்

புழுக்கம். காலையில் சாந்தியின் வாய்ஸ் மெசேஜ்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பிஸ்கட்ல சூடம் வாசம் அடிக்குது கா. வாயில போட்டா கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. பாஸ் பாச்சை உருண்டையான்னு கேக்குறாங்க. தீபாவளி ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. சாரி லா."

பின்னால் சிரிப்புச் சத்தம். யார் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஸ்பீக்கரில் இன்னொரு தடவை போட்டேன், வீட்டிலுள்ளவர்களுக்கும் கேட்கட்டும் என்று. மிச்சம் வைத்திருந்த பிஸ்கட்டையும் அவர்கள் முன்னால் வைத்தேன்.

மாமியார் கடித்தார். "நல்லாத்தானே இருக்கு. அதுங்களுக்குப் பொறாமை."

இவர் இரண்டு தின்றார். "சூடமா? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

பொய் சொல்கிறார்கள். அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடத்தான் நானும் ஒன்றை எடுத்தேன். மென்று, விழுங்காமல் நாக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். காலையும் மாலையும் சூடம் ஏற்றும் இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம்.

வெண்ணெய். பாதாம். சர்க்கரை.

எனக்கும் தெரியவில்லை.