பூவம் பள்ளியில் திறந்த மருந்துக் குப்பி

காரைக்கால்
11.7.2021

அன்பு மகள் கிறிஸ்டிக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அம்மாவும் காய்ச்சல் இருமல் எதுவும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பதாகத் தெரிந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். இரண்டு நாளாக நல்ல மழை, மாடியில் காயவைத்த மிளகாயை அம்மா மூன்று தடவை அள்ளிவிட்டாள். போன வாரம் போனில் ஒன்று சொன்னாயே, பிரான்சில் உங்கள் லியோன் ஊரில் உனக்குத் தடுப்பூசி போட்டவர் நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்று, அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. யார் அவருக்கு அனுமதி கொடுத்தது, எத்தனை நாள் பயிற்சி, உன் கையை எப்படிப் பிடித்தார், வலித்ததா, எல்லாவற்றையும் விவரமாக எழுது. நான் ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பது இதைப் படித்தால் உனக்கே புரியும்.

இங்கே ஆள் பற்றாமல் ஒரு புதுப் பட்டியல் போட்டார்கள். பல் டாக்டர்களும் ஓய்வு பெற்ற நர்சுகளும் ஊசி போடலாம், எங்களைப் போன்ற கால்நடை ஆய்வாளர்கள் மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டுபோகலாம், பாதுகாக்கலாம், எண்ணிக் கொடுக்கலாம், ஆனால் ஊசி போடக் கூடாது. கோமாரி மருந்தை ஐஸ் பெட்டியில் தூக்கிக்கொண்டு இருபத்தாறு வருஷம் அலைந்தவனுக்கு இது பெரிய வேலையா? ஐஸ் உறைந்த பிளாஸ்டிக் டப்பாவைக் காதருகில் ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் குலுங்கினால்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உறைந்து கெட்டுவிடும் என்று நான் காட்டியபோது ஆஸ்பத்திரிக்காரர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பூவம் பள்ளிக்கூடத்தில் முகாம். நர்ஸ் வெண்மதி பத்து நாற்பதுக்குக் குப்பியைத் திறந்தது. பத்துப் பேருக்கான மருந்து, திறந்து நாலு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிஞ்சினால் வீண். நாலு பேருக்குப் போட்டு முடித்த பிள்ளை அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டது. காலையில் சாப்பிடாமல், அந்தப் பிளாஸ்டிக் அங்கிக்குள் வெந்துபோயிருந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்து கூட்டிப்போனது. இப்போது நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே. குப்பியில் ஆறு பேருக்கு மருந்து, எதிரே ஏழு பேர், நடுவில் நான்.

அந்த ஏழு பேரில் முத்தையன் என்று ஒரு விவசாயி. அவர் பசுக்களுக்கு நான்தான் வருஷாவருஷம் ஊசி போடுவேன். போன மாதம் அவருடைய தம்பி இந்தக் கொரோனாவில் போய்விட்டார். அதற்குப் பிறகும் அசையாமல், இரண்டு மாதமாக ஊசி வேண்டாம் என்று மறுத்துவந்த தன் மனைவி லோகாம்பாளை முத்தையன் அன்றைக்குத்தான் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறார். என்னிடம் வந்து, "நீங்க போட்டு எங்க மாட்டுக்கு ஒரு தடவகூட வீங்கினதில்ல சார், இவளுக்கு நீங்களே போட்டுவுடுங்க. இன்னக்கி வீட்டுக்குப் போனா இவ மறுபடி வரமாட்டா" என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கிறிஸ்டி, என் கை பெட்டி வரைக்கும் போனது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். யாருக்காவது மயக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தரவில்லை, மாட்டு ஆய்வாளர் போட்டு ஆள் விழுந்தார் என்று பேச்சு கிளம்பினால் அந்த ஊரில் அடுத்த முகாமுக்கு ஒரு ஆள் வராது. ஊசி போட எனக்கு அனுமதிக் காகிதம் இல்லை என்று சொல்லி மூடியைச் சாத்தினேன். "அப்ப காயிதந்தான் பெருசு, உசுரு பெருசில்ல" என்று முத்தையன் சொன்னது இன்னும் குத்துகிறது.

ஆபீசுக்குப் பதினோரு தடவை போன் போட்டேன். பட்டியலில் இருந்த பல் டாக்டர் வினோதா திருமலைராயன்பட்டினம் முகாமில் இருக்கிறார், முடிந்ததும் வருவார் என்றார்கள். ஒருவரையும் எழுந்து போக விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன், சினைப் பசு, வைக்கோல் என்று வாய்க்கு வந்ததெல்லாம். இரண்டு பத்துக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், உன் வயதுதான் இருக்கும். எப்போது திறந்தது, எப்படி வைத்திருந்தீர்கள், யார் தொட்டது என்று கேட்டார். நான் மணிவாரியாக எழுதி வைத்திருந்ததைக் காட்டியதும் தலையாட்டிவிட்டுக் கையுறை மாட்டினார். லோகாம்பாள் சும்மா விடவில்லை, "நீ பல்லு டாக்டராமே, கையில போடத் தெரியுமாம்மா?" என்று கேட்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "வாய்க்குள்ள போடுறதவிட இது சுலபம்மா, நீங்க கடிக்க மாட்டீங்கல்ல" என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அந்த அம்மாவும்தான். ஆறாவது மருந்து லோகாம்பாளுக்கு. உட்கார்ந்த பிறகுதான் கணவருக்கு இல்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்தது, எழுந்திருக்கப் பார்த்தது. "நான் வியாழக்கெழம போட்டுக்கறேன், நீ ஒக்காரு" என்று முத்தையன் மனைவியின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மணி இரண்டு முப்பத்தொன்று. சொன்னபடி வியாழக்கிழமை வந்து போட்டுக்கொண்டார், என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு காகிதம் வந்ததும் அதே கைக்கு என்ன கூடிவிடுகிறது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். வெள்ளிக்கிழமை அடுத்த சுற்றறிக்கை வந்தது, விருப்பமுள்ள கால்நடை ஊழியர்களும் பயிற்சி எடுத்து ஊசி போடலாமாம். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். முன் அனுபவம் என்ற இடத்தில் இருபத்தாறு வருஷம், மாடுகள் என்று எழுதினேன். குமாஸ்தா சிரித்தார், ஆனால் அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை. நாளை பயிற்சி தொடக்கம். அம்மாவுக்கு இரண்டாவது ஊசிக்கு நாள் வந்துவிட்டது, போய்ப் போட்டுக்கொள் என்றால், "நாலு நாளு பொறுத்தா ஒண்ணும் ஆகாது, நீங்களே போடுங்க" என்கிறாள். அவளுக்குப் பயமே இல்லை, நான்தான் நேற்றிலிருந்து அவள் கையைத் தொட்டுத் தொட்டு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் தேதியை மறந்துவிடாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் நிழல் போல் காப்பாராக.

உன் அன்பு அப்பா,
சந்தனசாமி
(அம்மா செல்வம்மாளின் முத்தங்களும் சேர்த்து)