கொழுப்பு மெழுகும் உன் இடது காதும்

நேற்று அலமாரியின் இழுப்பறை இறுகிக்கொண்டது. மருமகள் எங்கிருந்தோ மாட்டுக் கொழுப்பில் வார்த்த பழைய சுரங்க மெழுகுவத்தித் துண்டு ஒன்றைத் தேடியெடுத்து விளிம்பில் தேய்த்தாள். இழுப்பறை வழிக்கு வந்தது. கொழுப்பு வாடை மட்டும் அறையில் நின்றுவிட்டது. ஜன்னலைத் திறக்கப் போனவளை வேண்டாமென்று தடுத்தேன். அந்த வாடையோடு நீ வந்திருந்தாய், ஈரத் தலையும் இடது காதைப் பொத்திய கையுமாக.

நீ தங்கச் சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் ஷாஃப்ட் குழியின் வாயில் நின்ற பெல்காரன். பூமிக்கடியிலிருந்து வரும் மணியைக் கேட்டு, ஆட்கள் போய்வரும் இரும்புக் கூண்டை, கேஜை, ஏற்றவா இறக்கவா என்று எஞ்சின் ஓட்டுபவருக்குச் சொல்வது உன் வேலை. மணியின் ஓர் அடியைத் தவறவிட்டால் கேஜுக்குள் நிற்பவர்கள் கதி என்ன என்பதைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. நான் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் கம்பவுண்டர். எதையும் இருமுறை அளப்பவன். அளந்த பிறகும் சந்தேகப்படுபவன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தமங்களா ஏரிக்குப் போவோம். சுரங்கக் கழிவு மேட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கல்லை நீயும் உன் ஷிப்டு ஆட்களும் ஆழத்தில் எறிவீர்கள். மூழ்கி எடுத்து வருகிறவன் அன்றைக்கு ராஜா. நான் கரையில் உங்கள் துணிகளுக்குக் காவல். அந்த ஞாயிறு நீ மெழுகுவத்திக் கொழுப்பை உருட்டி இரண்டு காதுகளிலும் அடைத்துக்கொண்டாய். பாறைக்கு வெடி வைக்கும்போது சுரங்கத்து ஆட்கள் செய்வதுதானே. வெடிச் சத்தத்தைத் தடுப்பது தண்ணீரையும் தடுக்கும் என்று நினைத்தாய். அதில் தவறிருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

கல்லோடுதான் மேலே வந்தாய். வலது காதின் மெழுகு எங்கோ விழுந்துவிட்டிருந்தது. இடது காதின் மெழுகை ஆழத்துத் தண்ணீர் உள்ளே தள்ளிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் உன் மனைவிதான் என்னிடம் முறையிட்டாள். "அண்ணா, நான் கூப்ட்டா இவருக்கு எப்பவுமே கேக்காது. இன்னிக்கு பக்கத்துல கோழி கத்தறதே கேக்கல."

"ஒரு காது போதும்யா," என்றாய் நீ. "காலைல ஷிப்டு. கேப்டன் கிட்ட வாயத் தொறந்துடாத."

டாக்டர் பெங்களூர் போயிருந்தார், காலையில்தான் வருவார். அவரிடம் காட்டாமலே நீ வேலைக்குப் போய் நின்றுவிடுவாய் என்பது எனக்குத் தெரியும். கண்ணை மூடி, வலது காதை விரலால் அடைத்துக்கொள்ளச் சொன்னேன். கடிகாரச் சத்தம் கேட்டால் தலையாட்டச் சொல்லி, இடது காதருகே கையைக் கொண்டுபோனேன். நீ பலமாகத் தலையாட்டினாய். கண்ணைத் திறக்கச் சொல்லிக் கையை விரித்தேன். காலியாக இருந்தது. கடிகாரம் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

"இன்னாயா, போலீஸ்காரன் வேல பாக்கற," என்றாய். குரலில் பலமில்லை. பிறகு மனைவியிடம், "கொண்ட ஊசியக் குடு, தோண்டிப் பாக்கலாம்" என்று கை நீட்டினாய்.

ஊசியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். காதுக்குள் எதையும் விட எனக்குத் துணிச்சலில்லை. உள்ளே சவ்வு கிழிந்திருந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் எண்ணெய் ஊற்றவும் மனம் வரவில்லை. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தேன். உன்னை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, காதுக்கு அடியில் அதை வைத்தேன். ஆற ஆற வேறு துணி. கொழுப்பு இளகித் தானாக வரவேண்டும். வராவிட்டால் உன் சுரங்க மேலதிகாரியான கேப்டனிடம் சொல்லியாக வேண்டும். அவரிடம் பேச வேண்டியதை மனத்துக்குள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் உன் வேலை போய்விடும் என்றே பட்டது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கொழுப்பு இளகித் துணியில் மஞ்சளாக வழிந்தது. ரத்தம் இல்லை. மறுபடி உன் வலது காதை அடைத்து, இந்த முறை கடிகாரத்தையே பிடித்தேன். நீ தலையாட்டவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கிடந்தாய். கடிகாரத்தை இன்னும் நெருக்கிப் பிடித்தேன்.

"யோவ் கம்பவுண்டரு, உன் கெடியாரம் நொண்டுதுயா. நல்லா ஓடிகினே இருந்து, நடுவுல ஒரு இழுப்பு இழுக்குது."

என் காதில் வைத்து மூச்சடக்கிக் கேட்டேன். உண்மைதான். இத்தனை ஆண்டு பையில் சுமந்த எனக்கே தெரியாதது. இதை எவனும் பொய்யாகச் சொல்ல முடியாது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இனிமே நான் கூப்ட்டா கேக்குமா?" என்றாள் உன் மனைவி.

"அதுக்கு வேற மருந்து வாங்கணும்," என்றாய். மூன்று பேரும் சிரித்தோம்.

காலையில் ஷிப்டுக்கு முன் உன்னை டாக்டரிடம் இழுத்துப்போனேன். சவ்வு சிவந்திருக்கிறது, கிழியவில்லை, ஆறும்வரை ஏரிப் பக்கம் போகாதே என்றார். ஆழத்துக்கு மூழ்குகிறவன் காதை அடைக்கவே கூடாது, உள்ளே காற்று சமமாக வழி வேண்டும் என்றும் சொன்னார். "கேஜ்ல எறங்கும்போது காது அடைச்சா எச்சில் முழுங்குவமே தொர, அது மாதிரியா?" என்று கேட்டாய். அதேதான் என்றார். கேஜில் இறங்கும்போதெல்லாம் செய்ததை ஏரியில் செய்ய உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பிறகு நீ மூழ்கிய விதமே வேறு. இறங்கும்போதே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவாய். காது வலித்தால் கல்லை விட்டுவிட்டு மேலே வருவாய். சளி பிடித்த நாளில் என்னோடு துணிகளுக்குக் காவல் இருப்பாய். அங்கிருந்தபடியே, "மெழுகு வெச்சவன் கர ஏறு" என்று மற்றவர்களை அதட்டுவாய்.

போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். கடைசி நாளன்று நான் தெருமுனையில் வரும்போதே, "கம்பவுண்டரு செருப்புச் சத்தம். பாய் போடு" என்றாயாம். உன் மனைவி சொன்னாள். துக்கத்துக்கு நடுவில் அதைக் கேட்டு எனக்கு மனம் ஆறியது.

கடிகாரத்தைப் பழுது பார்க்க நான் கொடுக்கவே இல்லை. காலையில் சாவி கொடுத்ததும் காதில் வைத்துப் பார்க்கிறேன். இப்போது என் காதும் மந்தமாகிக்கொண்டு வருகிறது. இன்று கொஞ்ச நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அந்த இழுப்பு கேட்டது.