துடக்குக் கழிந்த கண்

மவுண்ட் ஆல்பர்ட்,
ஓகஸ்ட் 1998

அன்புள்ள அத்தான்,

நீங்கள் சிட்னிக்குப் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. விவாகரத்துப் பத்திரத்தைப் பற்றியது அல்ல.

பென்ரோஸில் தொழிற்சாலையில் வேலை செய்யும்போது காஸ்டிக் சோடா தெறித்து என் இடது கண் வெந்துவிட்டது. புண் ஆற, யாரோ ஒரு தாயின் பிள்ளைப்பேற்றில் கிடைத்த பனிக்குடச் சவ்வைக் கண்ணின்மேல் வைத்துத் தைத்தார்கள். அது தானாகவே கரைந்துவிடுமாம்.

பிள்ளைப்பேறு என்றால் துடக்கு அல்லவா? முப்பத்தொரு நாள் நான் விளக்கேற்றவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. சிரிக்காதீர்கள். நம் மகன் பிறந்தபோது அந்தத் துடக்கை முழுதாகக் காக்க முடியவில்லை. ஒன்பதாம் நாளே சாவுத் துடக்கு வந்துவிட்டது.

நேற்று முப்பத்தோராம் நாள். சவ்வு முழுதாகக் கரைந்துவிட்டது, இனி அங்கே ஒன்றுமில்லை என்றார் டொக்டர்.

ஆனால் அந்தக் கண் தூங்க மாட்டேன் என்கிறது. இன்று மத்தியானம் படுத்தபோது வலது கண் மூடியது, இடது கண் விழித்தபடியே கிடந்தது. என்னை அறியாமல் வாயில் ஆராரோ வந்தது. இனிப் பாடாதே என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போன அதே தாலாட்டு. இமை மெல்ல இறங்கியது.

என்னோடு வாடகைக்கு இருக்கும் வதனா வாசலில் நின்று, "அக்கா, ஆருக்குப் பாடுறியள்?" என்றாள்.

"ஒருத்தருக்கும் இல்லை" என்றேன். இமை உடனே திறந்துகொண்டது.

அத்தான், அங்கே யாராவது உங்களிடம் பிள்ளைகள் உண்டா என்று விசாரித்தால், இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். இங்கே கேட்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மகனின் தாய்