பிளசிக்குச் சின்னதாக வெட்டிய டோஸ்ட்

மார்ச் 4, செவ்வாய்

நேற்று சாயங்காலம் தங்கை பிளசி ஓசூரிலிருந்து ஒற்றைப் பையோடு வந்து நின்றாள். சொல்லாமல் கொள்ளாமல். கல்யாணமானதிலிருந்து தனியாக வந்ததே இல்லை. காலையில் அவளுக்குப் பிடித்த பாம்பே டோஸ்ட் போட்டேன். பாலில் முட்டை, சர்க்கரை, ஏலக்காய் அடித்து, பிரெட்டை முக்கி, நெய்யில் சிவக்க. தட்டைத் தள்ளிவிட்டாள். “சின்னதா வெட்டிக் குடுக்கா. ஒரே வாய்ல போற மாதிரி.” பல்வலியாம்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நானும் அம்மாவும் ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். பிளசிக்கு மட்டும் அதே டோஸ்ட், ஓரம் நீக்கி, இன்னும் பொடியாக. மெல்லவில்லை. நாக்கிலேயே ஊறவைத்து விழுங்குகிறாள். பல்வலிக்கு அப்படியா சாப்பிடுவார்கள்?

மார்ச் 7

அவள் கணவர் ஆரோக்கிய பிரவீன் எனக்குப் போன் செய்தார். “கோவமெல்லாம் இல்லீங்க அக்கா. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போறேன். கெளம்பி இருக்கச் சொல்லுங்க.” அவ்வளவு மெதுவான குரல். சொன்னதும் பிளசி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். கையை அதிலிருந்து எடுக்கவே இல்லை.

அம்மாவுக்குச் சந்தோஷம். “மாப்ளயே எறங்கி வர்றாரு பாரு.”

மார்ச் 8

“தாழ்ப்பாள் சரியா விழுதாக்கா?” மூன்றாவது முறையாகக் கேட்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதியாக வேண்டும்.

சர்ச்சில் பூசை முடிந்து வந்தபோதே வாசலில் அவருடைய வெள்ளைக் கார். பிளசியின் பையை அவரே எடுத்துப்போய் அதில் வைத்தார். அம்மா சொன்னதால் எல்லாருக்கும் டோஸ்ட் போட்டேன். “இவளுக்கு மட்டும் ஏன் பொடிப் பொடியா?” சிரித்துக்கொண்டே கேட்டார். தன் தட்டிலிருந்த முழுத் துண்டை அவள் வாயருகே கொண்டுபோனார்.

“வாயத் தொற.”

அவள் தலையை ஆட்டினாள்.

“தொறன்றேன்ல.” தாடையை இரண்டு விரலால் பிடித்தார். லேசாகத்தான். பிளசியிடமிருந்து வந்த சத்தம் — ஐயோ, அது என்ன சத்தம்?

நான் அப்படியே நின்றேன். அம்மாதான் எழுந்தாள். காரிலிருந்த பையைத் தூக்கிவந்து உள்ளறையில் வைத்தாள்.

“அவ வரமாட்டா. நீங்க கெளம்புங்க.”

அவர் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தார். ஒவ்வொன்றாக. “இருக்கட்டும் அத்த. வூட்ட வுட்டு வெளிய வராமயா போயிருவா?”

மார்ச் 10

தருமபுரி. எக்ஸ்ரே. தாடை எலும்பில் விரிசல். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டதும், “குத்துனாரு” என்றாள். அவ்வளவுதான். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டினார்கள். இனி டோஸ்டும் கிடையாது, கஞ்சித் தண்ணீர்தான். அங்கிருந்து நேராக மகளிர் காவல் நிலையம். அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

மார்ச் 22

நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு எதிரே அந்தக் கார் நின்றது. உள்ளே அவர், என்னைப் பார்த்தபடி. ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டேன். பிளசியிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 29

கம்பி எடுத்து ஒரு வாரம். இன்று பிளசி ஒருவரிடமும் சொல்லாமல் கடைவீதிக்குப் போய்விட்டாள். எனக்கு உயிரே இல்லை. ஓடிப்போய், பஸ் ஸ்டாப்பில் எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினாள். “நான் என்ன கைக்கொழந்தயா? எத்தன நாளு உள்ளயே கெடக்கறது?” நானும் கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது.

எதிர்வீட்டு நிர்மலா வாசலுக்கே வந்து, “என்னங்க, சண்டையா?” என்று கேட்டாள்.

“சின்னவதாங்க,” என்றாள் அம்மா. “வாயத் தொறந்து நல்லாக் கத்தறா.”